கண்ணாடி அறையா? கணக்கைக் கூரையிலிருந்து தொடங்குங்கள்

கேள்வி: வீட்டின் பின்பக்கச் சுவரை ஒட்டி 10 அடிக்கு 12 அடியில் ஒரு கண்ணாடி அறை எடுக்க நினைக்கிறோம். அம்மா உட்கார்ந்து படிக்கவும், நாலைந்து செடி வைக்கவும். கூரையும் கண்ணாடியாகவே இருக்கட்டும் என்று ஆசை. மூன்று பேரிடம் கொட்டேஷன் வாங்கினோம். குறைந்ததற்கும் கூடியதற்கும் இரண்டு மடங்கு வித்தியாசம். எதை நம்புவது, எவ்வளவு ஒதுக்குவது?

பதில்: மூன்று பேரும் ஒரே அறைக்கு விலை சொல்லியிருக்க மாட்டார்கள். நீங்கள் வாயால் சொன்னதை ஆளுக்கொரு விதமாகப் புரிந்துகொண்டிருப்பார்கள். ஒருவர் அஸ்திவாரத்தையும் தரையையும் சேர்த்திருப்பார். இன்னொருவர் ஃபிரேமும் கண்ணாடியும் மட்டும் போட்டிருப்பார். அதனால் இப்போது எந்தக் கொட்டேஷனையும் நம்ப வேண்டாம், தள்ளவும் வேண்டாம். கண்ணாடி எத்தனை மில்லிமீட்டர், ஒற்றையா இரட்டையா (நடுவில் இடைவெளி விட்டு இரண்டு கண்ணாடி), கூரைக்கு எந்த வகை, மழைத்தண்ணீர் எங்கே போய் விழும் என்பதெல்லாம் எழுதிய ஒரே வரைபடத்தை மூவருக்கும் கொடுத்து மறுபடி விலை கேளுங்கள்.

அதற்கு முன் நீங்கள் முடிவு செய்ய வேண்டியது கூரை. உச்சி வெயிலில் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 1,000 வாட் வெப்பம் இறங்கும். உங்கள் கூரை ஏறக்குறைய 11 சதுர மீட்டர். சாதாரணக் கண்ணாடி அதில் 80 சதவீதம் வரை உள்ளே விட்டுவிடும். அதாவது கிட்டத்தட்ட 9 கிலோவாட். ஒரு டன் ஏசி வெளியேற்றுவது 3.5 கிலோவாட்தான். இரண்டரை டன் ஏசி ஓடினாலும் கூரை வழியாக வருவதற்கே சரியாகப் போகும். அம்மா அங்கே பத்து மணிக்கு மேல் உட்கார முடியாது.

உள்ளே திரை போட்டுக்கொள்ளலாமே என்பார்கள். கண்ணாடியைத் தாண்டி வந்த வெப்பம் அறைக்குள் வந்ததுதான். நிழல் வெளியே விழ வேண்டும். வெயில் அதிகமுள்ள ஊர் என்றால் என் யோசனை இது: கூரையில் முக்கால் பங்கை வெப்பத் தடுப்பு வைத்த மூடிய கூரையாக்கிவிட்டு, ஒரு பட்டை மட்டும் கண்ணாடி விடுங்கள். வெளிச்சம் குறையாது, சுவர் முழுக்கக் கண்ணாடிதானே. ஆசைப்பட்டதை வெட்டுகிறேன் என்று தெரியும். ஆனால் வருடத்தில் எட்டு மாதம் பூட்டிக் கிடக்கும் அறைக்குச் செலவு செய்வதைவிட இது மேல். குளிர் ஊர் என்றால் பணத்தை இரட்டைக் கண்ணாடியில் போடுங்கள். ஒற்றைக் கண்ணாடி வழியே போகும் வெப்பத்தில் பாதிதான் அதில் போகும். வெப்பத்தைத் திருப்பி அனுப்பும் லோ-ஈ என்ற மெல்லிய பூச்சும் நடுவில் ஆர்கான் வாயுவும் இருந்தால் ஐந்தில் ஒரு பங்காகக் குறையும்.

கூரையில் எவ்வளவு சின்னக் கண்ணாடி வந்தாலும் உள்பக்கக் கண்ணாடி லேமினேட்டட் ஆகத்தான் (இரண்டு கண்ணாடிக்கு நடுவே படலம் வைத்து ஒட்டியது) இருக்க வேண்டும். டஃபன்டு கண்ணாடி, அதாவது சூடாக்கிச் சட்டென்று குளிரவைத்து உறுதியாக்கியது, உடைந்தால் சிறு துண்டுகளாகக் கொட்டும். லேமினேட்டட் உடைந்தாலும் நடுவிலுள்ள படலத்தில் ஒட்டிக்கொண்டு அங்கேயே நிற்கும். இதில் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

அடுத்தது எடை. ஒரு சதுர மீட்டர் கண்ணாடி, ஒவ்வொரு மில்லிமீட்டர் தடிமனுக்கும் 2.5 கிலோ. முழுக் கூரையையும் 12 மில்லிமீட்டரில் போட்டால் கண்ணாடி மட்டும் 330 கிலோ, ஃபிரேம் தனி. அதனால் பழைய சிமென்ட் தரையின் மேல் அப்படியே நிறுத்திவிடலாம் என்று சொல்பவரிடம் கொஞ்சம் ஜாக்கிரதை. புது அறைக்குத் தனி அஸ்திவாரம் வேண்டும்.

தனி அஸ்திவாரம் என்றால் புதியது கொஞ்சம் இறங்கும், பழைய வீடு அசையாது. அந்த வித்தியாசம் போய்ச் சேருமிடம் இரண்டும் சந்திக்கும் இணைப்பு. நான் பார்க்கப் போன ஒரு வீட்டில், கூரை சுவரைத் தொடும் இடத்தில் சிலிக்கோனை மட்டும் இழுத்துவிட்டிருந்தார்கள். இரண்டாவது மழைக்காலத்தில் அது சுவர்ப் பூச்சிலிருந்து உரிந்து, விரல் நகம் நுழையும் இடைவெளி. உள்ளே சுவரில் பழுப்பு நிறத்தில் தண்ணீர் வழிந்த தடம். சுவரில் காடி வெட்டி உலோகப் பட்டையைச் சொருகி, அது கூரையின் மேல் மடிந்து விழும்படி செய்திருந்தால் அந்த வேலையே வந்திருக்காது. சிலிக்கோன் அதற்குத் துணை மட்டுமே. அதிலும் புளித்த வாடை வரும் வகையை லேமினேட்டட் கண்ணாடி ஓரத்தில் பூச விடாதீர்கள், நடுப்படலத்தைக் கெடுக்கும். நியூட்ரல் வகை கேளுங்கள்.

கூரைக்கு அடிக்கு ஓர் அங்குலமாவது வாட்டம் வேண்டும். ஒன்றரை இருந்தால் தூசி தேங்குவது குறையும். ஃபிரேமுக்கும் கண்ணாடிக்கும் இடையே இடைவெளி விட்டு ரப்பர் வைக்க வேண்டும். 40 டிகிரி வெப்பம் கூடினால் 12 அடி அலுமினியம் 3 மில்லிமீட்டருக்கு மேல் நீளும், கண்ணாடி ஒன்றரைகூட நீளாது.

சரி, பணம். மொத்தத்தை 100 என்று வைத்தால் நான் இப்படிப் பிரித்துத் தொடங்குவேன்: கண்ணாடி, ஃபிரேமுக்கு 50. அஸ்திவாரம், தரை, பழைய சுவரை உடைத்துப் பூசுவதற்கு 25. வெளி நிழல், காற்றுப் போக்கு, மின்சாரத்துக்கு 10. மிச்சம் 15-ஐத் தொடாதீர்கள், தோண்டும்போது குறுக்கே ஒரு குழாய் வந்தால் அதுதான் காப்பாற்றும். அனுமதிக் கட்டணமும் பொறியாளர் கட்டணமும் இதற்கு வெளியே.

டஃபன்டு கண்ணாடியைப் பிறகு அறுக்கவோ துளையிடவோ முடியாது. அரை அங்குலம் தப்பினால் முழுக் கண்ணாடியும் வீண். எனவே ஃபிரேம் நின்ற பிறகு அளவெடுத்து ஆர்டர் கொடுக்கச் சொல்லுங்கள். அந்த அளவுக்கு யார் பொறுப்பு என்பதையும் எழுதி வாங்குங்கள். அப்புறம், கடைசித் தவணையை மழை பெய்யும் வரை நிறுத்தி வைக்க யாரும் சம்மதிக்க மாட்டார்கள். அதனால் கொடுப்பதற்கு முன் ஒருவரை ஹோஸ் பைப்போடு மேலே அனுப்பி அந்த இணைப்பின் மேல் அரைமணி நேரம் தண்ணீர் விடச் சொல்லுங்கள். நீங்கள் உள்ளே நின்று சுவரைத் தடவிப் பாருங்கள்.