நாய், பூனை காப்பகம் நடத்தச் சட்டப்படி எவ்வளவு இடம், என்னென்ன வசதி வேண்டும்?

கேள்வி கேட்டவர் கீழே ஒரு வரி சேர்த்திருக்கிறார்: "ஊருக்கு வெளியே 20 சென்ட் சும்மா கிடக்கிறது. தெருநாய்கள், பூனைகளை வைத்துப் பார்க்க ஆசை. சட்டத்தில் அளவு ஏதும் உண்டா?"

அந்த 'சும்மா கிடக்கிறது' என்பதைப் படித்ததும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் நானும் இதே வார்த்தையைத்தான் சொன்னேன். 2025 ஆகஸ்ட் மாதம் டெல்லி நாய்களைப் பற்றிய உச்ச நீதிமன்ற உத்தரவைப் பார்த்துவிட்டுத்தான் உங்களுக்கு இந்த யோசனை வந்திருக்கும் என்று நினைக்கிறேன். தப்பாக இருந்தால் மன்னிக்கவும்.

நான் வக்கீல் இல்லை. தபால் ஆபீஸ் கவுண்டரில் 31 வருஷம் உட்கார்ந்து ரிட்டயர் ஆனவள். திண்டுக்கல் பக்கத்தில் ஒரு சின்ன ஷெல்டர் நடத்துகிறேன். இன்றைக்கு 34 நாய், 9 பூனை. அதனால் கோர்ட்டில் எடுபடுகிற பதிலை என்னிடம் எதிர்பார்க்காதீர்கள்.

கேட்டதற்கு முதலில் பதில். அடிப்படை, 1960-ம் வருட மிருகவதைத் தடுப்புச் சட்டம். அதன் 11-வது பிரிவைப் படியுங்கள். நியாயமாக அசைந்து திரும்ப முடியாத உயரம், நீளம், அகலம் உள்ள கூண்டில் அடைப்பது குற்றம். குட்டையான சங்கிலியிலோ கனமான சங்கிலியிலோ நேரங்காலம் இல்லாமல் கட்டிப்போடுவது குற்றம். வைத்திருப்பவர் போதிய தீனி, தண்ணீர், ஒதுங்க இடம் கொடுக்காவிட்டாலும் குற்றம். படிக்கும்போது நன்றாகத்தான் இருக்கும். ஆனால் எத்தனை அடிக்கு எத்தனை அடி? அந்தப் பிரிவு 'போதுமான' என்பதோடு நிறுத்திக்கொள்கிறது. மீறினால் முதல் தடவைக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. பின்னால் 'ஆயிரம்' என்பது விட்டுப்போய்விட்டதோ என்று நானும் இரண்டு முறை பார்த்தேன். ஐம்பது ரூபாய்தான். இன்னொரு வேடிக்கை, ரயிலில் ஒரு ராத்திரி போகிற நாய்க்கும் பூனைக்கும் கூண்டு எந்த அளவில் இருக்க வேண்டும் என்று 1978-ல் வந்த விலங்குப் போக்குவரத்து விதிகளில் அட்டவணையே இருக்கிறது.

அடுத்தது ஏ.பி.சி. விதிகள், அதாவது கருத்தடை விதிகள். 2001-ல் வந்தது, 2023-ல் அதை எடுத்துவிட்டுப் புதிதாகப் போட்டார்கள். கொட்டில் எப்படி இருக்க வேண்டும் என்பதை 2001 விதிகளே தெளிவாகச் சொன்னது: காற்றோட்டம், இயற்கை வெளிச்சம், நடமாட இடம், சுத்தம். குட்டிகளையும் பெரிய நாய்களையும் தனித்தனியாக, பெரியதில் ஆணையும் பெண்ணையும் தனித்தனியாக வைக்க வேண்டும். ஒரு பகுதியில் பிடித்த நாய்களை இன்னொரு பகுதி நாய்களோடு கலக்கக் கூடாது. இந்தக் கடைசி வரியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறேன். இவை கருத்தடை மையத்துக்கான விதிகள், ஆயுசு முழுக்க வைத்துப் பார்க்கிற காப்பகத்துக்கு எழுதியவை அல்ல. இரண்டையும் ஒன்றென்று நினைத்து நம் ஆட்கள் சண்டை போடுவார்கள். மையத்தில் அறுவை முடிந்து, காது நுனியில் அடையாளம் வெட்டி, வெறிநாய்த் தடுப்பூசி போட்டு, புண் ஆறியதும் பிடித்த இடத்திலேயே விட வேண்டும். டெல்லி விஷயத்தில் ஆகஸ்ட் 11 அன்று எல்லாவற்றையும் காப்பகத்தில் அடைக்கச் சொன்ன கோர்ட்டு, ஆகஸ்ட் 22 அன்று, வெறிநோய் உள்ளதையும் கடிக்கிற குணம் உள்ளதையும் தவிர மற்றதைக் கருத்தடை, தடுப்பூசி முடித்துத் திருப்பி விடுங்கள் என்று மாற்றியது. நவம்பரில் பள்ளி, ஆஸ்பத்திரி, பஸ் ஸ்டாண்டு, ரயில் நிலையம் மாதிரி இடங்களில் பிடிப்பதை மட்டும் அங்கேயே திருப்பி விடக் கூடாது என்றது. ஆக, காப்பகங்களின் தேவை கூடத்தான் போகிறது. உங்கள் 20 சென்ட்டைத் தேடி ஆள் வருவார்கள்.

டிரஸ்ட்டோ சங்கமோ பதிவு செய்து, உள்ளாட்சியில் அனுமதி வாங்கி, இந்திய விலங்குகள் நல வாரியத்தின் அங்கீகாரத்துக்கு எழுதிப் போட வேண்டும். இந்த வாரியம் 1962-ல் ருக்மிணி தேவி அருண்டேல் தலைமையில் சென்னையில் தொடங்கியது. திருவான்மியூரில் இருந்தவரை ஒரு சந்தேகம் என்றால் பஸ் ஏறிப் போய்க் கேட்டுவிட்டு வரலாம். இப்போது தலைமை அலுவலகம் ஹரியானா பல்லப்கரில். நம் ஊரில் பிறந்த ஒன்றுக்கு இப்போது நாம் ஸ்பீட் போஸ்ட் அனுப்பிக்கொண்டிருக்கிறோம். தபால்காரியான நானே இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இனி என் கதை. இங்கே சிலர் "உபதேசம் பண்ணுகிறவர்கள் முதலில் உங்கள் ஷெல்டரைப் பாருங்கள்" என்று எழுதுவார்கள் என்று தெரியும். அதற்குத்தான் நானே சொல்லிவிடுகிறேன்.

மூன்றாம் வருஷம் என்னிடம் 61 நாய். கட்டியபோது 30 என்று கணக்குப் போட்டுக் கட்டினோம். பத்துக்குப் பத்தில் ஒரு கொட்டில், அதில் ஆறு நாய். யாரோ புகார் கொடுத்து ஒரு ஆபீஸிலிருந்து (எந்த ஆபீஸ் என்று வேண்டாம்) ஒருவர் வந்தார். கையில் ஒரு படிவம்.

"போதுமான இடம் இருக்கா மேடம்?"

"இருக்கு சார்."

ஆம் என்று எழுதினார்.

"காற்றோட்டம்?"

"பாருங்க சார், மூணு பக்கமும் கம்பிதான்."

ஆம். டேப் எடுக்கவில்லை, எண்ணவில்லை. 'நோயுற்றவற்றுக்குத் தனி அறை' என்ற இடத்தில் நானே வாய் விட்டு "ஒண்ணு" என்றேன். அந்த அறை இருந்தது, பொய் இல்லை. ஆனால் அதில் நாய் இல்லை. 11 மூட்டை குருணை அடுக்கியிருந்தது, எலிக்குப் பயந்து. அவர் டீ குடித்தார், குட்டிகளோடு ஒரு போட்டோ எடுத்துக்கொண்டார், போய்விட்டார். அன்றைக்கு அவரை நான் நல்ல மனுஷன் என்றுதான் நினைத்தேன்.

அடுத்த வாரம் ராத்திரி எட்டு மணிக்கு ஒரு புருஷன் பெண்டாட்டி பைக்கில் வந்து ஒரு சாக்கை நீட்டினார்கள். ஏழு குட்டி. கண் திறந்து மூன்று நான்கு வாரம் இருக்கும். "எடம் இல்லீங்க" என்றேன். "அப்ப இங்கனயே வச்சுட்டுப் போறோம்" என்றார் அந்த அம்மா. வாங்கிக்கொண்டேன். ஏற்கெனவே ஐந்து குட்டி வைத்திருந்த பெட்டியில் விட்டேன். அவற்றுக்கு ஊசி போடும் வயசு வந்து, ஞாயிற்றுக்கிழமை போடலாம் என்று தள்ளி வைத்திருந்தேன். மழை வேறு. குருணை மூட்டையை அந்த நேரத்தில் யார் நகர்த்துவது?

நாலாம் நாள் காலையில் ஒரு குட்டி தண்ணீரைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தது, குடிக்கவில்லை. மத்தியானம் வாந்தி, சாயங்காலம் ரத்தபேதி. அந்த நாற்றத்தை ஒரு தடவை முகர்ந்தவர்களுக்குப் பிறகு டெஸ்ட்டே வேண்டாம், பார்வோ, குட்டிகளைக் கொல்லுகிற வைரஸ் தொற்றுநோய். மாட்டாஸ்பத்திரி டாக்டர் தினமும் வேலை முடிந்து வந்து ட்ரிப்ஸ் போட்டார், ஒரு பைசா வாங்கவில்லை. நரம்பு கிடைக்காத குட்டிகளுக்குத் தோலுக்கடியில் ஏற்றினோம். பன்னிரண்டில் ஒன்பது போய்விட்டன. கடைசிக் குட்டியைப் புதைக்கும்போது டாக்டர் சொன்னார்: "அம்மா, புதுசா வர்றத ரெண்டு வாரம் தனியா வைங்கன்னு முதல் நாளே சொன்னேனே." கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

அன்று ராத்திரிதான் அந்த விதியை மறுபடி படித்தேன். ஒரு பகுதி நாயை இன்னொரு பகுதி நாயோடு கலக்கக் கூடாது. நான் அதை ஏதோ டெல்லி ஆபீசர்கள் வேலையில்லாமல் எழுதியது என்று நினைத்திருந்தேன். அந்த வைரஸ் மண்ணில் மாசக்கணக்காக இருக்கும். பினாயில் போட்டுக் கழுவினால் வாசனைதான் மாறும், அது சாகாது. முதலில் சோப்புப் போட்டு அழுக்கு போகத் தேய்த்து, பிறகு பிளீச்சிங் கரைசலைப் பத்து நிமிஷம் ஊறவிட வேண்டும். மண்தரையில் அதுவும் முடியாது. ஆகவே குட்டிகள் இருக்கும் இடத்துக்கு மட்டுமாவது சிமென்ட் தரை போடுங்கள், சரிவும் வடிகாலும் வைத்து.

பினாயில் என்றதும் பூனை ஞாபகம் வருகிறது. பூனையின் உடம்புக்கு அந்த மருந்தை முறிக்கிற சக்தி கிடையாது. தரையில் நடந்து, பாதத்தை நக்கி, உள்ளே போய்விடும். என் பூனை அறையைச் சுத்தமாக வைக்கிறேன் பேர்வழி என்று தினம் இரண்டு வேளை பினாயில் ஊற்றித் துடைத்தவள் நான். இன்னொன்று, நாய்க் கொட்டிலுக்குப் பக்கத்துச் சுவரில் பூனை அறையைக் கட்டாதீர்கள். குரைப்புச் சத்தத்தில் பயந்து சாப்பிடாமல் கிடக்கும். நாய் நாலு நாள் பட்டினி கிடந்தாலும் தேறிவிடும். பூனை, அதுவும் கொழுத்த வீட்டுப் பூனை, சில நாள் சாப்பிடாவிட்டாலே ஈரலில் கொழுப்பு ஏறி விழுந்துவிடும். ஒளிந்துகொள்ள ஆளுக்கொரு அட்டைப்பெட்டி, ஏறி உட்கார உயரத்தில் ஒரு பலகை. இதற்குச் செலவே இல்லை, மளிகைக் கடையில் கேட்டால் பெட்டி சும்மா தருவார்கள்.

என் தங்கை மகன் ஜெர்மனியில் இருக்கிறான். அங்கே நாய் வளர்ப்புக்கென்றே மத்திய அரசின் விதி இருக்கிறது, அதில் அளவும் இருக்கிறது என்று படித்துச் சொன்னான். தோள் உயரம் 50 சென்டிமீட்டர் வரை உள்ள நாய்க்குக் கொட்டிலில் குறைந்தது 6 சதுர மீட்டர். 65 சென்டிமீட்டர் வரை 8, அதற்கு மேல் 10. கூட ஒரு நாய் விட்டால் அதில் பாதி சேர்க்க வேண்டும். நம் தெருநாயை முதல் கணக்கில் வைத்துப் பாருங்கள். ஆறு நாய்க்கு 6-ம், ஐந்து தடவை 3-ம் சேர்த்து 21 சதுர மீட்டர், ஏறக்குறைய 226 சதுர அடி. நான் 100 சதுர அடியில் வைத்திருந்தேன், 'போதுமான' என்று ஒருவர் கையெழுத்தும் போட்டார். தினம் இரண்டு தடவையாவது, மொத்தம் ஒரு மணி நேரமாவது கொட்டிலுக்கு வெளியே விட வேண்டுமாம். "பெரியம்மா, உங்க ஷெல்டர இங்க வச்சிருந்தா மூடிருப்பாங்க" என்றான். மூடினால் 61 நாயும் எங்கே போகும் என்று நான் கேட்டதற்கு அவனிடம் பதில் இல்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும். வெளிநாட்டு அளவைக் காட்டி எங்களைத் திட்டுகிறவர்கள், ஒரு நாயையாவது கூட்டிக்கொண்டு போய்விட்டுத் திட்டட்டும்.

இப்போது என் கணக்கு, ஒரு கொட்டிலுக்கு மூன்று. காலையில் ஒன்றரை மணி நேரம் முறைவைத்து வெளியே விடுகிறோம். அதற்கு ஆள் வேண்டும். ஒத்தாசைக்கு வரும் அக்கா காலை ஆறேகாலுக்கு மினி பஸ்ஸில் வந்து இறங்குவார். போன வருஷம் அந்த மினி பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். மெயின் ரோட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டர், 52 வயசு, முழங்கால் வலி. நாலு தடவை மனு கொடுத்தேன். பள்ளிக்கூடப் பிள்ளைகளும் அந்த ரோட்டில்தான் நடக்கிறார்கள். கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் வேறு எங்கே போய்ச் சொல்வது? ஆள் எத்தனை என்று கேட்பீர்கள் அல்லவா, பதில் இதுதான்: வந்து சேர முடிகிற ஆள் எத்தனை பேரோ அத்தனை.

61-லிருந்து 34-க்கு எப்படி வந்தேன் என்றால், தத்துக் கொடுத்தது பாதி, வயசாகிப் போனது கொஞ்சம், மீதி, வேண்டாம் என்று சொல்லப் பழகியது. கேட்டில் ஒரு பலகை மாட்டியிருக்கிறேன், சாக்பீஸில் 'இன்று உள்ளவை: 34. இடம்: 36' என்று. பைக்கில் சாக்கோடு வருகிறவர்கள் அதைப் படித்துவிட்டு என்னைப் பாவி என்கிறார்கள். கல்யாணமாகி அமெரிக்கா போகிறோம் என்று கொழுகொழுவென்று ஒரு லாப்ரடாரை ராத்திரியில் கேட்டில் கட்டிவிட்டுப் போனவரை யாரும் அப்படிச் சொல்லவில்லை.

ஒரு தனி அறை எப்போதும் காலியாகவே கிடக்கிறது. குருணையை இப்போது என் வீட்டு ஹாலில் வைத்திருக்கிறேன். மருமகள் வந்தால் முகம் சுளிப்பாள், சுளிக்கட்டும்.

படிவங்கள், வருகைப் பதிவேடு, தடுப்பூசிப் பதிவேடு எல்லாம் எப்படி வைத்திருக்கிறேன் என்று பார்க்க வேண்டுமானால் நேரில் வாருங்கள். சனிக்கிழமை மட்டும் வேண்டாம், அன்றைக்குக் கோழிக்கடையில் தலை, கால் வாங்கப் போய்விடுவேன்.