கல்லூரி அணிகளின் பட்டப்பெயர்கள்: எது வரலாறு, எது கதை?

அமெரிக்கக் கல்லூரி அணிகளின் பெயர்களைப் பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கேள்வி: இண்டியானா அணிக்கு ஏன் 'ஹூசியர்ஸ்' என்று பெயர்? அந்தக் காலத்தில் கதவைத் தட்டினால் உள்ளிருந்து 'ஹூஸ் ஹியர்?' என்று கேட்பார்களாம், அதுதான் ஹூசியர் ஆனது என்கிறார்களே?

பதில்: நான் ஏற்கமாட்டேன். கதவைத் தட்டியவரை யார் என்று கேட்பது இண்டியானாவில் மட்டும் உள்ள வழக்கமா என்ன? ஒரு சொல்லின் ஓசையை வைத்துக்கொண்டு பின்னால் கட்டிய கதை இது. அமெரிக்காவின் தென்பகுதி மலைநாட்டில் 'ஹூசியர்' என்றால் நாகரிகம் தெரியாத பட்டிக்காட்டான். செயின்ட் லூயிஸில் இன்றும் அது வசவுதான். 1833-இல் அந்தச் சொல்லை வைத்து ஜான் ஃபின்லி எழுதிய கவிதை ஒன்று இண்டியானாபொலிஸ் பத்திரிகையில் வந்தது. அதற்கப்புறம் வசவே பெருமையாக மாறிப் பரவியது. 2017-இல் அமெரிக்க அரசு அச்சகமே அந்த மாநிலத்து மக்களை ஹூசியர் என்று எழுத ஒப்புக்கொண்டது. என் கணக்கில் இந்த வசவு வழிதான் வலுவானது.

கேள்வி: லூயிவில் கால்வாய் வேலைக்கு இண்டியானா ஆட்களையே விரும்பி எடுத்த சாமுவேல் ஹூசியர் என்ற ஒப்பந்ததாரரை விட்டுவிட்டீர்களே?

பதில்: இந்தச் சொல்லுக்காகவே பல ஆண்டு உழைத்த ஜேக்கப் பியட் டன் அந்த ஆளைத் தேடிப் பார்த்தார். ஆவணம் எதிலும் பெயர் அகப்படவில்லை.

கேள்வி: நோட்டர் டேம் பல்கலைக்கழகத்தை நிறுவியவர் பிரெஞ்சுப் பாதிரியார். அங்கே 'ஃபைட்டிங் ஐரிஷ்' எப்படி வந்தது?

பதில்: 1842-இல் எட்வர்ட் சோரின் தொடங்கியது அது. மாணவர்களில் ஐரிஷ் வம்சத்தவர் நிறையப் பேர். 1899-இல் நார்த்வெஸ்டர்ன் ரசிகர்கள் ஏளனமாகக் கத்தியது என்று ஒரு கதை. 1909-இல் மிச்சிகனுக்கு எதிரான ஆட்டத்தின் இடைவேளையில் ஒரு வீரர் சொன்னது என்று இன்னொன்று. எது முந்தியது என்பதில் வழக்கு தீரவில்லை. கத்தோலிக்கர்களையும் ஐரிஷ்காரர்களையும் பலர் இளக்காரமாகப் பார்த்த காலம் அது. அப்போது, 1927-இல், பல்கலைக்கழகத் தலைவர் மேத்யூ வால்ஷ் அந்தப் பெயரை அதிகாரபூர்வமாக ஏற்றார். அந்த முடிவை நான் மிகவும் மதிக்கிறேன்.

கேள்வி: எப்படி வந்தது என்பதில் சண்டையே இல்லாத பெயர் ஏதாவது உண்டா?

பதில்: உண்டு. பர்டியூ பல்கலைக்கழக அணி 1891-இல் வாபாஷ் கல்லூரியை நசுக்கியபோது, தோற்ற ஊரின் பத்திரிகை அவர்களை 'பாய்லர்மேக்கர்ஸ்', அதாவது கொதிகலன் செய்பவர்கள், என்று எழுதியது. பொறியியல் மாணவர்கள் அதை விரும்பி எடுத்துக்கொண்டார்கள். ஓக்லஹோமாவின் 'சூனர்ஸ்', அதாவது முந்திக்கொண்டவர்கள், என்ற பெயரும் தெளிவானது. 1889 ஏப்ரல் 22 நண்பகலில், அங்கே குடியேற வந்தவர்களை ஓடிப்போய் நிலம் பிடிக்க அரசு அனுமதித்தது. அதற்கு முன்பே திருட்டுத்தனமாக உள்ளே போய் நின்றவர்கள்தான் சூனர்கள்.

கேள்வி: விர்ஜினியா டெக்கின் 'ஹோக்கி' வான்கோழியைக் குறிக்கும் சொல்தானே?

பதில்: இல்லை. 1896-இல் ஓ. எம். ஸ்டல் என்ற மாணவர் உற்சாக முழக்கம் எழுதும் போட்டிக்காக உண்டாக்கிய சொல் அது. 5 டாலர் பரிசும் வாங்கினார். அதற்குப் பொருள் எதுவும் கிடையாது, கவனத்தை இழுக்கப் போட்டேன் என்று அவரே சொல்லியிருக்கிறார். வான்கோழி அப்புறம் வந்து ஒட்டிக்கொண்டது.