கடைசல் பட்டறை: கேள்வி பதில்

கே: பச்சை மாமரத் துண்டில் 20 செ.மீ. விட்டத்தில் குடுவை கடைந்தேன். சுவர் கெட்டியாக இருக்கட்டும் என்று 4 செ.மீ. கனம் விட்டேன். ஒரே வாரத்தில் அடியின் நடுவிலிருந்து நாலாபுறமும் வெடிப்பு. என்ன தப்பு?
– வாசகர், தென்காசி

ப: கெட்டியாக விட்டது ஒரு காரணம். மேல்பரப்பு முதலில் காய்ந்து சுருங்கும். உள்ளே ஈரம் இருக்கும்வரை அந்தப் பகுதி சுருங்காது. இழுபறியில் மேல்பரப்பு பிளந்துவிடும். முதல் கடைசலில் சுவர், விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு இருந்தால் போதும். உங்கள் குடுவைக்கு 2 செ.மீ.; அடிக்கும் அதே கனம்தான். ஓரிடம் தடித்தும் ஓரிடம் மெலிந்தும் இருந்தால் அந்தச் சந்தில்தான் வெடிக்கும். கண்ணை நம்பாமல் காலிப்பர் (கனம் அளக்கும் கவைக் கருவி) வைத்துப் பாருங்கள்.

நடுவிலிருந்து கிளம்பும் வெடிப்புக்கு இன்னொரு காரணமும் உண்டு: மரத்தின் நட்ட நடு மையம் உங்கள் அடிப்பாகத்துக்குள் இருக்கிறது. வளையங்களின் போக்கில் மரம் சுருங்குவது, மையத்திலிருந்து வெளிநோக்கிச் சுருங்குவதைப் போல ஏறக்குறைய இரு மடங்கு. அதனால் மையத்தைச் சுற்றிய முழு வட்டம் பிளக்காமல் தப்புவது அபூர்வம். நெடுக்கு நாரிலேயே (நார் குடுவையின் உயரவாக்கில் ஓடும்படி) கடைய வேண்டுமானால், மையத்தை ஒதுக்கி 20 செ.மீ. வட்டம் எடுக்க 45 செ.மீ. அடிமரமாவது வேண்டும். அது கிடைக்காவிட்டால் கட்டையை மையத்தோடு இரண்டாகப் பிளந்து, பாதியில் குறுக்கு நாராக (நார் குடுவைக்குக் குறுக்கே ஓடும்படி) கடையுங்கள். உயரம் குறையும், ஆனால் மையம் போய்விடும்.

கடைந்த அன்றே நார்முனை (குறுக்கே வெட்டுப்பட்ட நாரின் முனை) தெரியும் இடங்களில் மெழுகு பூசி, காகிதப் பையில் போட்டுக் காற்றுப் படாத மூலையில் வையுங்கள். வாரம் ஒருமுறை எடை போட்டுக் குறித்து வாருங்கள். எடை இறங்குவது நின்ற பிறகுதான் இரண்டாம் கடைசல். அதற்குள் குடுவை முட்டை வடிவாகக் கோணியிருக்கும். அதைச் சரிசெய்யத்தான் அந்த 2 செ.மீ.

கே: என் குடுவைக்கு வாய் 5 செ.மீ., ஆழம் 25 செ.மீ. உள்ளே குடையும்போது உளி அதிர்கிறது, சில நேரம் பிடுங்கிக்கொள்கிறது.
– வாசகர், கோவை

ப: டூல் ரெஸ்டுக்கு (உளியைத் தாங்கும் தாங்கி) முன்னால் நீளும் உளித் தண்டு, தன் விட்டத்தைப் போல பத்து மடங்குக்குமேல் போகக் கூடாது. 12 மி.மீ. தண்டு 12 செ.மீ. வரைதான் தாங்கும், உங்கள் ஆழத்துக்கு 25 மி.மீ. தண்டும் ஒரு மீட்டர் பிடியும் வேண்டும். உளிமுனை, மரம் சுழலும் மையக் கோட்டிலோ, 1–2 மி.மீ. மேலேயோ நிற்கட்டும். மேலே நின்றால் அழுத்தத்தில் தாழும்போது சுவரை விட்டு விலகும். கீழே நின்றால் இன்னும் ஆழமாகப் பாயும். பிடுங்குவது அதனால்தான்.

முதலில் நடுவில் துளையிட்டு ஆழத்தை முடிவுசெய்யுங்கள். பிறகு வாய்ப்பக்கம் 5 செ.மீ. ஆழத்துக்குச் சுவரை இறுதிக் கனத்துக்கே கொண்டுவந்துவிட்டு, அடுத்த 5 செ.மீ.க்கு இறங்குங்கள். கீழே குடைந்த பின் மேலே திரும்பி வராதீர்கள். தாங்க மரம் இல்லாமல் சுவர் நடுங்கும். நெடுக்கு நாரில் உட்புற வெட்டு நடுவிலிருந்து வெளிநோக்கிப் போக வேண்டும். நிமிடத்துக்கு 600 சுற்றில் தொடங்கினால் போதும். சீவல் அடைத்தாலும் உளி திணறும். அடிக்கடி லேத்தை நிறுத்தி வழித்தெடுங்கள். சுழலும்போது உள்ளே விரலை விடவே கூடாது. முகக் கவசம் கட்டாயம்.

கே: குடுவைக்கு உள்ளேயும் அரக்குப் பூசலாமா?
– வாசகர், ஓசூர்

ப: முடியாது. சென்னப்பட்டணா (கர்நாடகத்தின் மரப்பொம்மை ஊர்) முறையில் சுழலும் மரத்தின்மேல் அரக்குக் குச்சியை அழுத்த, உராய்வுச் சூட்டில் அது உருகிப் படிகிறது; பிறகு தாழை ஓலையால் தேய்த்து மெருகேற்றுவார்கள். குறுகிய வாய்க்குள் அழுத்தவும் தேய்க்கவும் இடமில்லை. வெளியே மட்டும் பூசுங்கள். சூடான பொருள் வைக்க வேண்டாம், அரக்கு இளகும்.