வாளி வரிசையிலிருந்து மீட்பு வண்டி வரை

கேள்வி: சிறு நகரங்களில் தீயணைப்புத் துறை எப்படி உருவானது? மீட்புப் பணியும் அதில் ஏன் சேர்ந்தது?

பதில்: தீயணைப்பு நிலையத்திலேயே வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். இதைக் கேட்டதற்கே நன்றி. ஆரம்பத்தில் துறை என்று எதுவும் இல்லை. மணி அடித்ததும் ஊரார் வரிசையாக நின்று வாளிகளைக் கைமாற்றினார்கள். 1672இல் ஆம்ஸ்டர்டாமில் யான் வான் டெர் ஹைடன் தோல் குழாயைக் கொண்டுவந்தார். பெரிய திருப்பம் அதுதான். தூரத்தில் நின்று வீசிய தண்ணீரை, அப்புறம் நெருப்பின் அடிக்கே கொண்டுபோக முடிந்தது. 1824இல் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் நகரத் தீயணைப்புப் படைக்குத் தலைமை ஏற்ற ஜேம்ஸ் பிரெய்ட்வுட், புகைக்குள் நுழைந்து தீயின் மூலத்தைத் தாக்கத் தன் வீரர்களைப் பழக்கினார். 1861இல் லண்டன் தீ விபத்தில் சுவர் இடிந்து அவரே இறந்துபோனார். எனக்கு அவர்தான் ஆசான்.

நீராவி பம்பு வந்தபின் அதை இயக்கப் பயிற்சி பெற்ற, சம்பளம் வாங்கும் ஆட்கள் தேவைப்பட்டார்கள். சரி, மீட்பு? ஏணி, கயிறு, கோடரியோடு இரவு பகலாகத் தயாராக இருந்தவர்கள் இவர்கள்தான். சாலை விபத்துகள் பெருகியதும் நசுங்கிய காரை வெட்டித் திறக்கும் ஹைட்ராலிக் கருவியும் அவர்கள் வண்டியிலேயே ஏறியது.