சீ, ஏ, டீ சேர்ந்தால் பூனை வருமா?

கேள்வி: எல்கேஜி ஆசிரியை நான். பிள்ளைகள் ஏ முதல் இசட் வரை மூச்சுவிடாமல் ஒப்பிக்கிறார்கள். பூனைப் படத்தை மறைத்துவிட்டு, கீழே உள்ள மூன்றெழுத்தைக் காட்டினால் “சீ, ஏ, டீ” என்று சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்கிறார்கள். வாசிக்க வைப்பது எப்படி?

பதில்: பிள்ளைகள்மேல் தப்பில்லை. அந்த மூன்றையும் வேகமாகச் சேர்த்துச் சொல்லிப் பாருங்கள். ‘சீயேட்டீ’ என்றுதான் வரும். தமிழில் ‘க’வுக்குப் பெயரும் ஒலியும் ஏறக்குறைய ஒன்று. ஆங்கிலத்தில் பெயர் வேறு, ஒலி வேறு. வாசிக்க உதவுவது ஒலி. பெயர்கள் கொஞ்ச நாள் பாட்டோடு நிற்கட்டும்.

ஒலியைச் சொல்லித்தர நம்மிடமே புள்ளி வைத்த மெய்யெழுத்து இருக்கிறது. ‘டீ’ அல்ல, ‘ட்’. ‘எஸ்’ அல்ல, ‘ஸ்’. ஆசிரியர்கள் வழுக்குவதும் இங்கேதான். பஸ்ஸு, கப்பு என்று பழகிய நாக்கு, ‘ட்’டை ‘டு’ ஆக்கிவிடும். அந்த உகரம் ஒட்டிக்கொண்டால் ஒலிகள் சேரவே சேராது. வீட்டில் கண்ணாடி முன்னால் நாலு நாள் சொல்லிப் பழகுங்கள்.

முதல் இரண்டு வாரம் எழுத்தையே காட்ட வேண்டாம். “ப்-அ-ல்... தொடு!” என்றால் பல்லைத் தொட வேண்டும். “க்-ஆ-ல்” என்றால் காலை. தினம் பத்து நிமிடம் போதும். தமிழில் ஒலிகளைக் கூட்டத் தெரிந்த காது ஆங்கிலத்திலும் கூட்டும்.

பிறகு எழுத்து. அகர வரிசை வேண்டாம். எஸ், ஏ, டி, பி, ஐ, என் என்ற ஆறில் தொடங்குங்கள். (இங்கே டேபிளின் டி, பென்சிலின் பி; டாக்டரின் டியும் பஸ்ஸின் பியும் பிறகு. தமிழில் எழுதினால் வரும் வம்பு இது!) பிரிட்டனில் பல ஃபோனிக்ஸ் (எழுத்தின் ஒலியைக் கொண்டு வாசிக்கக் கற்பிக்கும் முறை) பாடத்திட்டங்கள் இந்த ஆறில்தான் தொடங்குகின்றன. சிட், டிப், பின், டின் என்று உடனே சொல் கட்டலாம். ‘ஸ்ஸ்ஸ்’, ‘ன்ன்ன்’ போன்றவற்றை இழுத்துச் சொல்ல முடிவதால் அடுத்த ஒலியோடு சேர்ப்பது எளிது. பூனைக்கான அந்த ஆங்கிலச் சொல்லில் வரும் ஏ-யின் ஒலி ‘ஆ’வுக்கும் ‘ஏ’வுக்கும் நடுவில் நிற்பது; அதற்குத் தமிழ் எழுத்து இல்லை. பலகையில் எழுதாமல் வாயைத் திறந்து காட்டுங்கள்.

பஸ்ஸின் பி, டாக்டரின் டி இரண்டின் சிறிய எழுத்துகளையும் ஒரே வாரத்தில் தராதீர்கள். கண்ணாடிப் பிம்பம் போன்றவை, பிள்ளைகள் குழம்புவார்கள்.

எழுதுவதற்கு மணலும் கோலமாவும் போதும். நான்கு கோடு நோட்டு நிரம்பவில்லையே என்று பெற்றோர் கேட்டால், ஒருநாள் வகுப்பில் உட்காரவைத்து அந்தப் ‘ப்-அ-ல்’ விளையாட்டைக் காட்டுங்கள்.