அக்காவே என் மேல் வழக்குப் போட வேண்டுமா?

கேள்வி:

வணக்கம் சார். மதுரையில் சின்னதாக ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறேன். பிப்ரவரி கடைசியில் சென்னையில் ஒரு கல்யாணத்துக்கு என் காரில் போனோம். நான், அக்கா, அக்கா வீட்டுக்காரர். நான் ஓட்டினால் கண் அசந்துவிடும் என்று பயந்துதான் ஆக்டிங் டிரைவர் வைத்துக்கொண்டேன். ராத்திரி பதினொன்றரைக்குச் சென்னையில் கிளம்பினோம். விடியற்காலை நாலு மணிக்கு, பாடாலூருக்குக் கொஞ்சம் முன்னால், லைட் இல்லாமல் ரோட்டில் நின்ற லாரியின் பின்னால் கார் மோதிவிட்டது. முன் சீட்டில் இருந்த மாமா அங்கேயே போய்விட்டார். அக்காவுக்கு வலது கை முறிந்தது. எனக்குத் தொடை எலும்பில் கம்பி வைத்திருக்கிறார்கள். டிரைவருக்குச் சிராய்ப்போடு சரி.

எஃப்.ஐ.ஆரில் "அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும்" ஓட்டியதாக எழுதியிருக்கிறார்கள். டிரைவரோ, "நான் வேகமாப் போகலைண்ணே, கண்ணு சொக்கிடுச்சு, அது என் தப்பா?" என்று அழுகிறார். போன் பார்த்துக்கொண்டு ஓட்டியிருப்பார் என்கிறார் மாமாவின் தம்பி. இழப்பீடு வேண்டுமானால் என்னையும் எதிர்மனுதாரராகச் சேர்க்க வேண்டும் என்று ஒரு வக்கீல் அக்காவிடம் சொன்னாராம். "தம்பி மேல கேஸ் போடுவேனா" என்று அக்கா பேப்பரில் கையெழுத்துப் போட மறுக்கிறாள். நாலு மாதம் ஓடிவிட்டது.

இன்னொன்று. அந்த டிரைவர் நாங்கள் கிளம்பிய முந்தின ராத்திரிதான் பெங்களூர் டிரிப் முடித்துவிட்டு வந்தவர். விக்கிரவாண்டி டீக்கடையில் அவரே சொன்னார். "இதெல்லாம் நமக்குப் பழக்கம்ணே" என்றார், நானும் விட்டுவிட்டேன். இதை வெளியில் சொல்லலாமா?

பதில்:

கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். இந்த வாரமே.

மோட்டார் வாகனச் சட்டம் 166ஆம் பிரிவின்படி இழப்பீட்டு மனு, நம் ஊர் நீதிமன்றப் பேச்சில் எம்.சி.ஓ.பி., விபத்து நடந்து ஆறு மாதத்துக்குள் போட்டாக வேண்டும். 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தில் வந்த இந்தக் கெடு 2022 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கிறது. அந்தக் கெடுவே சரிதானா என்ற வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. அதை நம்பி உட்கார்ந்திருக்க வேண்டாம். உங்களுக்கு ஆகஸ்ட் கடைசிவரைதான் கணக்கு. பாடாலூருக்கு அலையவும் வேண்டாம். மனுதாரர் குடியிருக்கும் ஊரின் தீர்ப்பாயத்திலேயே போடலாம், அதனால் மதுரையிலேயே முடியும்.

இனி அக்காவின் சங்கடம். இந்த வழக்கில் உங்கள் பெயர் வருவது நீங்கள் குற்றவாளி என்பதற்காக இல்லை. வண்டி உங்களுடையது, ஓட்டியவர் நீங்கள் கூலி கொடுத்து வைத்தவர். ஒரு நாள் கூலியோ மாதச் சம்பளமோ, உங்கள் வேலையாக ஓட்டும்போது அவர் செய்த தவறுக்கு உரிமையாளர் பொறுப்பு. அந்தப் பொறுப்பைத்தான் காப்பீட்டு நிறுவனம் பிரீமியம் வாங்கிக்கொண்டு தன் தலையில் ஏற்றிக்கொண்டிருக்கிறது. உங்கள் மேல் பொறுப்பு வந்தால்தான் நிறுவனத்தின் மேல் பொறுப்பு போகும். உங்களை விட்டுவிட்டு நிறுவனத்தை மட்டும் சேர்த்தால், நிறுவனத்தின் வக்கீல் முதல் நாளே எழுந்து நின்று மனுவே செல்லாது என்பார். அக்கா உங்களிடம் பணம் கேட்கவில்லை. நீங்கள் வருஷா வருஷம் கட்டிய பிரீமியத்துக்கு உரிய பணத்தைக் கேட்கிறார். இதை அவருக்கு நீங்களே சொல்லுங்கள், வக்கீல் சொன்னால் ஏறாது.

ஆனால் ஒன்றை உடனே பார்க்க வேண்டும். பாலிசி பேப்பரை எடுங்கள். அது 'பேக்கேஜ்' பாலிசியா (ஊரில் ஃபர்ஸ்ட் பார்ட்டி, ஃபுல் கவர் என்பார்கள்), இல்லை தேர்ட் பார்ட்டி மட்டுமா? சொந்த உபயோகக் காரில் சும்மா உடன் வருகிறவர்களுக்கு தேர்ட் பார்ட்டி மட்டும் உள்ள பாலிசி செல்லாது. பேக்கேஜ் பாலிசி செல்லும். 2009இல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் சுற்றறிக்கையாகவே சொன்னது, 2012இல் பாலகிருஷ்ணன் வழக்கில் உச்ச நீதிமன்றமும் அதை எடுத்துக்கொண்டது. புதுக் கார் வாங்கும்போது தேர்ட் பார்ட்டியை மூன்று வருஷத்துக்குச் சேர்த்துக் கட்டியிருப்பீர்கள். மற்றதை வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டும். "அதான் மூணு வருஷம் இருக்கே" என்று இரண்டாம் வருஷம் கட்டாமல் விட்டவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். உங்களுடையது அப்படி விட்டுப்போயிருந்தால் உங்கள் கடையும் வீடும் கணக்கில் வரும். அப்போது லாரியின் காப்பீட்டு நிறுவனம்தான் நமக்குக் கைகொடுக்கும்.

அந்த லாரிக்கு வருகிறேன். எஃப்.ஐ.ஆரில் லாரி டிரைவர் பெயரே இருக்காது, சரிதானே? நின்ற வண்டியை யாரும் குற்றம் சொல்வதில்லை. ஆனால் மற்றவர்களுக்கு ஆபத்தாகவோ இடைஞ்சலாகவோ வண்டியைப் பொது இடத்தில் நிறுத்தக் கூடாது என்று 122ஆம் பிரிவு இருக்கிறது. பார்க்கிங் லைட் எரிந்ததா, பின்னால் பிரதிபலிப்புப் பட்டை இருந்ததா, சிவப்பு முக்கோணம் வைத்திருந்தார்களா, ரோட்டுக்குள் எத்தனை அடி நீட்டிக்கொண்டு நின்றது என்பதெல்லாம் போலீஸ் அந்த இடத்தைப் பார்த்து எழுதும் பார்வை மகஜரிலும், வரையும் ரஃப் ஸ்கெட்ச்சிலும், மோட்டார் வாகன ஆய்வாளரின் அறிக்கையிலும் இருக்கும். மூன்றுக்கும் நகல் வாங்குங்கள். அன்று யாராவது போனில் எடுத்த படம் இருந்தால் அழிக்காமல் வையுங்கள். வெள்ளைக் கோட்டுக்கு இந்தப் பக்கம் லாரியின் பின்சக்கரம் தெரிகிற ஒரு படம், பத்து சாட்சிக்குச் சமம். தீர்ப்பாயம் எஃப்.ஐ.ஆருக்குக் கட்டுப்பட்டது இல்லை. எது நடந்திருக்க அதிக வாய்ப்பு என்றுதான் பார்க்கும்.

இரண்டு வண்டிகளின் தவறும் சேர்ந்து, ஒரு பாவமும் அறியாத பயணிக்குக் கேடு வந்தால் அது கூட்டுக் கவனக்குறைவு. அப்படிப்பட்டவர் முழுத் தொகையையும் இரண்டு பேரில் யாரிடமிருந்தும் வசூலிக்கலாம் என்று 2015இல் கென்யேய் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. யார் எவ்வளவு பங்கு என்பதை நிறுவனங்கள் தங்களுக்குள் பேசித் தீர்த்துக்கொள்ளட்டும். எனவே அக்காவின் மனுவில் லாரி உரிமையாளரும் அதன் காப்பீட்டு நிறுவனமும் கட்டாயம் எதிர்மனுதாரராக இருக்க வேண்டும். அவர்களை விட்ட மனுவில் கையெழுத்துப் போட வேண்டாம்.

டிரைவரின் கேள்விக்கு வருகிறேன். "கண்ணு சொக்கிடுச்சு, அது என் தப்பா?" தப்புத்தான். நம் சட்டத்தில் தூக்கத்துக்கென்று தனிப் பிரிவு இல்லை. குடிக்கு அளவு இருக்கிறது: 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம். ஊதச் சொல்லக் கருவி இருக்கிறது. வேகத்துக்குக் கேமரா இருக்கிறது. தூக்கத்தை அளக்க ஒன்றும் இல்லை. 186ஆம் பிரிவு உடலோ மனமோ தகுதியில்லாத நிலையில் ஓட்டுவதைப் பற்றிப் பேசினாலும், அதன் வாசகம் நோயையும் குறைபாட்டையும்தான் சொல்கிறது. இரண்டு நாள் தூங்காதவனை அதற்குள் நுழைப்பது கஷ்டம். அதனால்தான் எந்த விபத்தானாலும் காவல் நிலையத்தில் அதே "அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும்" விழுகிறது. அச்சடித்த வாசகம் மாதிரி.

ஆனால் தூக்கம் திடீரென்று வந்து கழுத்தைப் பிடிப்பதில்லை. ஒரு வழக்கில் டிரைவரைக் குறுக்கு விசாரணை செய்தபோது நான் வேகத்தைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கண் எரிந்ததா? எரிந்தது. ஜன்னலை இறக்கினீர்களா? இறக்கினேன். முகம் கழுவினீர்களா? டோல்கேட்டில் கழுவினேன். அப்புறம் ஏன் நிறுத்தவில்லை? பதில் வரவில்லை. முகம் கழுவிய அந்த நிமிஷத்திலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தும் ஓட்டியதுதான் கவனக்குறைவு. தூங்கிய பிறகு நடந்ததைப் பற்றிப் பேச்சே இல்லை.

உங்கள் விபத்தில் இதற்குச் சாட்சி ரோட்டிலேயே இருந்திருக்கும். விழித்திருப்பவன் கடைசி நொடியிலாவது பிரேக்கை மிதிப்பான், ஸ்டியரிங்கை ஒடிப்பான். மகஜரில் டயர் தேய்ந்த தடம் பற்றி ஒரு வரியும் இல்லாவிட்டால், பிரேக்கே பிடிக்கவில்லை என்று வாதிட அது உதவும். வேகத்துக்கு ஃபாஸ்டேக் எஸ்.எம்.எஸ். போதும். விக்கிரவாண்டி, செங்குறிச்சி, திருமாந்துறை என்று ஒவ்வொரு டோலையும் கடந்த நேரம் உங்கள் போனிலேயே இருக்கிறது. கிளம்பிய நேரத்தையும் டீக்குடித்த நேரத்தையும் பார்த்தால், பெரிய வேகம் இல்லை என்றுதான் எனக்கும் தோன்றுகிறது. போன் பார்த்தாரா என்பதற்கு அவருடைய அழைப்புப் பதிவுகளை வரவழைக்கத் தீர்ப்பாயத்தில் மனுப் போடலாம். கையில் போனை வைத்துக்கொண்டு ஓட்டுவது 184ஆம் பிரிவில் ஆபத்தான ஓட்டுதல் என்றே எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் மாமாவின் தம்பியிடம் ஒன்று சொல்லுங்கள்: வேகமோ தூக்கமோ போனோ, இழப்பீட்டுத் தொகை ஒரு ரூபாய்கூட மாறாது. கவனக்குறைவு நிரூபணமானால் போதும். இதற்காகக் குடும்பத்துக்குள் சண்டை வேண்டாம்.

குற்ற வழக்கு தனி. பாரதிய நியாய சன்ஹிதா 106(1)இன்படி கவனக்குறைவால் மரணம் விளைவித்தால் ஐந்து வருஷம் வரை சிறை. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 304ஏ-யில் இரண்டு வருஷம்தான். ஜாமீன் உண்டு. அக்கா மன்னித்தாலும் வாபஸ் வாங்க முடியாது, நடத்துவது அரசு. டிரைவர் இனி வந்து அழுதால் அவரை ஒரு வக்கீலைப் பார்க்கச் சொல்லுங்கள், நீங்கள் எதையும் எழுதிக் கொடுக்க வேண்டாம்.

இப்போது உங்கள் கடைசி வரி. கூண்டில் ஏறிக் கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள். பெங்களூர் டிரிப்பையும் சொல்லுங்கள், டீக்கடையையும் சொல்லுங்கள். காப்பீட்டு நிறுவனம் தப்பித்துக்கொள்ள மோட்டார் வாகனச் சட்டம் 150ஆம் பிரிவில் சில காரணங்கள்தான் உண்டு: லைசென்ஸ் இல்லாத டிரைவர், குடிபோதை, சொந்தக் காரை வாடகைக்கு விட்டது போன்றவை. தூக்கம் அதில் இல்லை. டிரைவர் களைத்திருந்தது உங்களுக்குத் தெரியும் என்பதால் அக்காவின் இழப்பீடு நிற்காது. 188ஆம் பிரிவில், ஆபத்தான ஓட்டுதலுக்கு உடந்தையானவருக்கும் அதே தண்டனை என்று இருப்பது உண்மை. தூக்க விஷயத்தில் அதை உரிமையாளர் மேல் போட்டு நான் பார்த்ததில்லை. உங்களை உறுத்துவதை எந்தப் பிரிவிலும் தேட வேண்டாம். விசாரணை அதிகாரி என்று நிறுவனத்திலிருந்து ஒருவர் வருவார், வாக்குமூலத்தை அவரே எழுதிக்கொண்டு வருவார். படித்துப் பார்த்து, மாமாவிடம் நீங்கள் வாடகை வாங்கியதாக ஒரு வரி நுழைந்திருக்கிறதா என்று பாருங்கள். பெட்ரோலுக்கு மாமா ஏதாவது கொடுத்திருந்தாலும் அது வாடகை ஆகாது. (டிரைவர்களுக்குப் படுக்கை ஒதுக்க வேண்டும் என்று தங்கும் விடுதிகளுக்கு 2023இல் தமிழ்நாடு கட்டட விதிகளில் சேர்த்தார்கள். கல்யாண வீட்டில் நமக்கு ஏ.சி. ரூம், டிரைவருக்கு மண்டப வாசலில் காரின் சீட். உங்கள் டிரைவர் சென்னையில் எங்கே படுத்தார் என்று யோசித்தீர்களா?)

தொகையைச் சொல்லாமல் முடித்தால் அக்காவுக்குப் பிடி கிடைக்காது. நீங்கள் மாமாவின் வயதும் சம்பளமும் எழுதவில்லை. ஒரு பேச்சுக்கு வயது 43, நிரந்தர வேலையில் மாதம் 30,000, நம்பியிருப்பவர்கள் மனைவி, இரண்டு பிள்ளைகள், அம்மா என்று வைப்போம். பிரணய் சேத்தி தீர்ப்பின்படி எதிர்கால உயர்வுக்கு 30 சதவீதம் சேர்த்தால் 39,000. அவருடைய சொந்தச் செலவு என்று கால் பங்கு கழித்தால் 29,250. வருஷத்துக்கு 3,51,000. அந்த வயதுக்கு சரளா வர்மா தீர்ப்பு தரும் பெருக்கு எண் 14. ஆக 49,14,000. துணை இழப்பு, இறுதிச் சடங்கு வகையில் இன்னும் இரண்டு லட்சத்துக்கு மேல் வரும். சம்பளச் சீட்டும் வங்கிக் கணக்கும் வாரிசுச் சான்றிதழும் தேடி வையுங்கள். "அஞ்சு லட்சம் உடனே வாங்கித் தர்றேன்" என்று ஆஸ்பத்திரி வாசலில் ஆரம்பித்து ஆள் வந்துகொண்டே இருப்பார்கள். வருகிற தொகையில் இத்தனை சதவீதம் என்று பேசும் வக்கீலிடமிருந்தும் விலகி நில்லுங்கள், பார் கவுன்சில் விதியில் அது தடை.

அக்காவின் கைக்குத் தனி மனு. அவர் என்ன வேலை செய்கிறார் என்பதைக் கட்டாயம் எழுத வேண்டும். டாக்டர் இருபது சதவீத ஊனம் என்று சான்று தந்தாலும், தையல் மெஷினில் உட்காருகிறவருக்கு வலது கை போனால் நஷ்டம் இருபதோடு நிற்காது. 2010இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த ராஜ்குமார் வழக்கு இதைத்தான் சொல்கிறது.

உங்கள் காலுக்கு உங்கள் சொந்த நிறுவனத்திடம் இழப்பீடு கேட்க முடியாது. உரிமையாளருக்கான 15 லட்ச ரூபாய் விபத்துக் காப்பீடு, மரணத்துக்கும் உறுப்பு இழப்புக்கும் நிரந்தர முழு ஊனத்துக்கும்தான், எலும்பு முறிவுக்கு இல்லை. ஆனால் லாரி உரிமையாளர் மேலும் அதன் நிறுவனத்தின் மேலும் நீங்கள் மனுப் போடலாம். உங்கள் டிரைவரின் தவறு உங்கள் கணக்கில் ஏறும் என்பதால் லாரியின் பங்கு மட்டும் கிடைக்கும். அதுவும் அதே ஆறு மாதத்துக்குள்.

அக்கா போட்ட மனுவின் சம்மன் உங்கள் கடைக்கு வரும். திருப்பி அனுப்பிவிடாதீர்கள், கையெழுத்துப் போட்டு வாங்குங்கள். பாலிசி நகலும் டிரைவரின் லைசென்ஸ் நகலும் எடுத்துக்கொண்டு ஆஜராகுங்கள். நீங்கள் வராமல், உங்கள் தரப்பைக் கேட்காமலே வழக்கு நடந்து எக்ஸ்பார்ட்டி ஆனால் லாபம் நிறுவனத்துக்குத்தான். அக்காவும் நீங்களும் ஒரே வக்கீலை வைக்க முடியாது, எதிரெதிர்க் கட்சிக்காரர்கள். கோர்ட்டுக்கு ஒரே ஆட்டோவில் போக எந்தத் தடையும் இல்லை.