பின்பெட்டியில் உரச் சாக்கு

கேள்வி: கனடாவில் இருக்கும் என் தங்கை, குளிர்காலம் தொடங்குவதற்கு முன் காரின் அடிப்பகுதி முழுவதும் துருத்தடுப்பு எண்ணெய் அடித்துவிடுவதாகச் சொல்கிறாள். பனியே விழாத நம் ஊரில் அது தேவையா? என் சிறிய செம்பனைத் தோட்டத்துக்கு உரம் ஏற்றிச் செல்லும் பழைய காரின் பின்பெட்டியில் துரு தெரிகிறது.
- வாசகர், சுங்கை சிப்புட், பேராக்

பதில்: உங்கள் கடைசி வரியிலேயே பாதி விடை இருக்கிறது. கனடாவில் காரை அரிப்பது பனியன்று, அப்பனியைக் கரைப்பதற்காகச் சாலையில் தூவும் உப்புதான். உப்பிலுள்ள குளோரைடு, இரும்பின்மேல் படிந்த ஈரத்தை மின்சாரம் எளிதில் கடத்தும் நீராக்கித் துருவை விரைவுபடுத்துகிறது. செம்பனைக்கு நாம் இடும் பொட்டாஷ் உரமும் பொட்டாசியம் குளோரைடு என்னும் உப்பே. காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 84 விழுக்காட்டைத் தாண்டினால் அது தானாகவே நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். நம் இரவுகளில் ஈரப்பதம் 90 விழுக்காட்டையும் தாண்டுவதுண்டு என்பதால், சிந்திய உரம் வேலை செய்ய மழைகூடத் தேவையில்லை.

முதலில் விரிப்பைத் தூக்கி, மாற்று டயர் இருக்கும் குழியைப் பாருங்கள். சாக்கின் தையலிலிருந்து உதிர்ந்த இளஞ்சிவப்புத் துகள்கள் அங்கே பழுப்புக் குழம்பாகக் கிடந்தால் வியப்பில்லை. குழியின் அடியில் ரப்பர் மூடி இருந்தால் அதைக் கழற்றி, நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவி, ஒரு பகல் முழுவதும் வெயிலில் திறந்து வையுங்கள். துருவைக் கம்பித் தூரிகையால் பளபளப்பான இரும்பு தெரியும்வரை தேய்த்து, துருத்தடுப்பு அடிப்பூச்சும் அதன்மேல் வண்ணமும் அடிக்க வேண்டும். திருப்புளியால் குத்தும்போது தகடு உள்ளே போனால், அது பட்டறையில் ஒட்டுப்போட வேண்டிய வேலை.

துருவின்மேல் அப்படியே கறுப்புத் தார்ப்பூச்சு அடிப்பதை நான் ஒப்புக்கொள்வதில்லை. ஈரம் உள்ளே சிறைப்பட்டு, கண்ணுக்குத் தெரியாமல் தகட்டைத் தின்னும். உங்கள் தங்கை அடிக்கும் எண்ணெய் அதைவிட நல்லது. ஆனால் அடிப்பகுதியைக் கழுவி நன்றாக உலர்த்திய பிறகு அடிக்க வேண்டும், பிரேக்கிலும் புகைக்குழாயிலும் படக்கூடாது. கதவுகளின் அடிவிளிம்பிலுள்ள சிறு நீர்த்துளைகளைச் செம்மண் அடைத்திருக்கும். தீக்குச்சியால் குத்திவிட்டால் போதும்.

இனி உரம் ஏற்றும்போது சாக்குகளுக்கு அடியில் விளிம்பு உயர்ந்த பிளாஸ்டிக் தட்டு ஒன்றை வையுங்கள், இறக்கிய அன்றே துடைத்துவிடுங்கள். கடைக்காரரின் லோரி உங்கள் தோட்டம்வரை வருமானால் அதிலேயே கொண்டுவரச் சொல்லிவிடலாம். கூலி, தகடு ஒட்டும் செலவைவிடக் குறைவாகத்தான் இருக்கும்.